குளிர்காய்கிறார்

வெண்வெளியில் விடிந்ததிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெருங்குடிலின் நடுவே எரிந்த நெருப்பை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜெனோவா. அவள் தலைக்கு மேலே நீல எழுத்துகள் காற்றில் மிதந்தன.

*ஜெனோவா குளிர்காய்கிறார்.*

"ஊருக்கே தெரியுத மாதிரி எழுதி வச்சுருக்கு, அப்பவும் வெக்கமில்ல பாரு இவளுக்கு" என்றார் அப்பா கபிரியேல். தோளில் கோடாலி. தாடியில் பனித்துகள். "ஏட்டி, எந்திரிச்சு நாலு சுள்ளியாவது பொறக்கிட்டு வாயேன்."

"குளுருதுப்பா."

"எல்லாருக்குந்தான் குளுருது. அதுக்குத்தான விறகுக்குப் போறது?"

குடிலுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் ஒரே அடுக்ககத்துக்காரர்கள்; கீழ்வீடு, மேல்வீடு, எதிர்வீடு. அப்பா கதவைத் தள்ளினார். வெள்ளைக் காற்று ஒரு வாய் உள்ளே வந்து போயிற்று. அவர் உருவம் பனிக்குள் கரைந்தது.

நிஜத்தில் அது தூத்துக்குடியின் உச்சிப்பொழுது. உச்சியடைப்புச் சங்கு ஊதிவிட்டால் தெருவில் நாய்கூட நிற்காது. துறைமுகம், பள்ளிக்கூடம், மீன் ஏலம் எல்லாமே இருட்டுக்கும் விடியலுக்கும் இடம் மாறிவிட்ட காலம் அது. நடுப்பகல்தான் இப்போது நடுநிசி. சன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, ஊரே தரையில் பாய் விரித்துக் கிடக்கும். எல்லார் உடம்பிலும் பனித்தோல். எல்லார் கண்ணிலும் வெண்வெளியைக் காட்டும் கண்மூடி. விரல்களில் வளையங்கள். பாயில் இரண்டு விரலை மாற்றி மாற்றி எடுத்து வைத்தால் வெண்வெளியில் அது நடை.

பனித்தோல் பனியன் போல மெல்லியது. அது எதையும் குளிர்விப்பதில்லை. தோலுக்கடியில் ஓடும் நரம்பின் காதில் 'குளிர், குளிர்' என்று ஓதிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதற்கு டார்ச்சுக்குப் போடும் பேட்டரி போதும். ஊருக்கே ஏசி போட மின்சாரம் ஏது?

முதலில் வந்த பனித்தோல்களில் ஆட்டம் கிடையாது. மாட்டியதும் சிலுசிலுவென்று இருக்கும், சற்று நேரத்தில் தோல் அதை மறந்துவிடும். பழகிய பொய்யைத் தோல் நம்பாது. பொய் புதிதாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு வானிலை வேண்டும். காற்று திரும்ப வேண்டும், பனி நின்று பெய்ய வேண்டும், இடையில் நெருப்பருகே வந்து சூடேறிவிட்டு மறுபடி வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் வெண்வெளி வந்தது. ஆளாளுக்கு மணிக்கட்டில் ஒரு கணப்புக்கோடு. வெளியே போனால் அது தேயும், நெருப்பருகே உட்கார்ந்தால் வளரும். கோடு முழுக்கத் தேய்ந்தால் உங்கள் உருவம் பனியில் விறைத்துவிடும். மறுநாள் வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆட்டத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த புண்ணியவான் யாரோ, நெருப்பருகே உட்காரும் வேலைக்கு அகராதியில் சரியான சொல்லைத்தான் தேடி எடுத்து வைத்திருந்தார். குளிர்காய்தல். பிழையே இல்லாத சொல். ஆனால் அடுத்தவன் வீடு எரியும்போது ஒருவன் என்ன செய்வான் என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அந்த எழுத்துத் தலைக்கு மேல் மிதக்க ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்கள். விறகுக்குப் போவதற்குப் போட்டியே நடந்தது.

கபிரியேல் வீட்டில் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் கனம் உண்டு. பல வருஷத்துக்கு முன் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது அவருடைய சொந்த அண்ணன் விசுவாசம் மட்டும் வாயிலைத் தாண்டி உள்ளே போய் கிரேன் ஓட்டினார். பதவி உயர்வு கிடைத்தது. மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவில் கரிக்கட்டையால் எழுதியிருந்தது: குளிர்காய்ஞ்சவன் வீடு. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

அப்படிப்பட்ட கபிரியேலின் பெண்தான் வெட்கமில்லாமல் நெருப்பருகே உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் ஜெனோவாவுக்கு இன்று சோம்பல் இல்லை. பயம். உட்கார்ந்திருந்தாலும் உள்ளே எதுவோ எழுந்து எழுந்து நடந்துகொண்டிருந்தது. குடிலின் வாசலில் தெரிந்த சிலுவையை அவள் பார்க்காமலிருக்கப் பார்த்தாள். ஏலக்காரத் தொம்மைக்காக அடுக்ககத்தார் பனியில் நட்ட சிலுவை அது. மாடிவீட்டுத் தொம்மை மாமா. அவரைப் போல விறகு வெட்ட ஆள் கிடையாது. போன வாரம் உச்சிப்பொழுதில் பாயிலேயே செத்துக் கிடந்தார், நிஜமாகவே. மாரடைப்பு என்றார் டாக்டர்.

உடம்பைக் குளிப்பாட்டிவிட்டு வந்த அப்பா அம்மாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

"கருவாடு மாதிரி காஞ்சு கெடந்தாரு பிலோமி. ஒரு சொட்டு வேர்வ கெடயாது. பாவம், குளிர்லயே போயிட்டாரு மனுசன்."

இந்த வெயிலில் ஒருவர் குளிரில் போய்விட்டாராம். அதைச் சொன்னவரும் சிரிக்கவில்லை, கேட்டவளும் சிரிக்கவில்லை.

ஜெனோவா கண்மூடியைக் கழற்றினாள். பனித்தோலின் கொக்கியை அவிழ்த்ததும் நிஜம் அடுப்பு வாயைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. அவள் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எப்போதும் அப்படித்தான். "எல்லாரு சட்டையும் துவைக்க வேண்டாத மாதிரி இருக்கு. சும்மா உக்காந்திருக்க நீ மட்டும் எப்படிட்டி இப்படி நனைக்க?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் கூசிப்போவாள். முன்பெல்லாம் அப்பாவின் சட்டை முதுகில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக வரைபடம் போட்டிருக்கும். இப்போது இல்லை. எத்தனை நாளாக இல்லை?

இருட்டில் தவழ்ந்து அப்பாவின் பாய்க்குப் போனாள். இந்த வெக்கையில் அவர் கழுத்துவரை போர்வை போர்த்திக் கிடந்தார். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. போர்வைக்கு வெளியே இரண்டு விரல்கள் பாயில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தன.

அவர் கழுத்தில் கை வைத்தாள். தோசைக்கல். ஈரமே இல்லாத தோசைக்கல்.

கையை உதறிக்கொண்டு தன் பாய்க்குத் திரும்பினாள். மறுபடி பனித்தோல், மறுபடி கண்மூடி. காதோரம் என்று ஒரு வசதி உண்டு, இருவர் மட்டும் பேசிக்கொள்ளலாம். அடுத்த அடுக்ககத்து வடிவைக் கூப்பிட்டாள்.

"வடிவு, ஒன்னு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது."

"சிரிப்பு வந்தா என்ன செய்ய?"

"எனக்குப் பயமா இருக்குட்டி."

வடிவு சிரிக்கவில்லை. ஜெனோவா எல்லாவற்றையும் கொட்டினாள். தொம்மை மாமாவின் உடம்பு, உப்புப் பூக்காத சட்டை, போர்வை, கழுத்து. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே கோர்வையானது.

"நா மட்டுந்தான் வீட்ல நனையுதேன். நா மட்டுந்தான் நெருப்புப் பக்கத்துல இருக்கேன். ரெண்டும் ஒன்னுதானோ?"

வடிவு உயிரியலில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். அதைச் சொல்லிக்காட்டாமல் இருக்கவும் தெரியாதவள்.

"தோலுதான மூளைக்குச் சேதி சொல்லும்? 'குளுருது'ன்னு சொன்னா மூள என்ன செய்யும்? வேர்வைய நிறுத்தும். இருக்க சூட்ட உள்ளயே பூட்டி வைக்கும். பத்தலேன்னா ஒடம்ப நடுங்க வச்சு இன்னும் சூடாக்கும்."

"வெளிய இந்த வெயிலு."

"வெளிய இந்த வெயிலு" என்று வடிவும் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது. "ஆட்டத்துல சூடா இருந்தாத்தான் நெசத்துல வேர்க்கும். வேர்த்தாத்தான் ஒடம்பு ஆறும். ஏட்டி… விறகுக்குப் போறவுக எல்லாரும் வெந்துக்கிட்டு இருக்காவ."

"ஐதராபாத்துல ஒங்க சித்தி மவன் ஆடுதான்லா? அங்க யாரும் சாவலையா?"

"அங்க எவன் விறகுக்குப் போறான்? பகலெல்லாம் நெருப்புகிட்டயே கெடப்பானுவளாம். அவங்க பாசையில தலைக்கு மேல 'இளைப்பாறுகிறார்'னுதான் வருமாம். யாருக்கு என்ன மானக்கேடு?"

அடைப்பு நீங்கும் சங்கு ஊதியதும் ஜெனோவா அப்பாவிடம் போனாள். அவர் துறைமுகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவருக்கு விடியல் வேலையும் சேர்த்து. வேலை முடிகிற நேரத்தில் அடைப்பு வந்துவிடும் என்பதால் பகலில் வீட்டுக்கு வரமாட்டார், துறைமுகத்து உச்சிக்கூடத்திலேயே மற்ற தொழிலாளிகளோடு படுத்துக்கொள்வார். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டுமென்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

அவர் முழுவதும் கேட்டார். அதுவே அவளுக்கு ஆச்சரியம்.

"அப்ப, என்னைய குளிர்காயச் சொல்லுத" என்றார்.

"எப்பா, அது வெறும் வார்த்தைப்பா."

"வெறும் வார்த்தையா? ஒங்க பெரியப்பா வீட்டுக் கதவுல எழுதுனது வெறும் வார்த்தையா?" குரல் உயரவில்லை, அதுதான் மோசம். "அடுத்தவன் வெட்டுன விறகுல கைய நீட்டிக்கிட்டு உக்காருத பழக்கம் நம்ம வீட்ல கெடயாது. ஒருத்தி இருக்கா, சின்னப்பிள்ளன்னு விட்டு வச்சுருக்கேன்."

"தொம்மை மாமா மாதிரி நீங்களும்…"

"ஏட்டி!" என்றாள் அம்மா பிலோமினா அடுப்படியிலிருந்து. "வேலைக்குப் போற மனுசன்கிட்ட என்ன பேச்சு பேசுத?"

அப்பா போய்விட்டார். போகிற போக்கில் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கையும் காய்ந்திருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில் வெண்வெளியில் பெரும் பனிச்சூறை. ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டக்காரர்களுக்குத் திருவிழா போல வைக்கும் சூறை அது. மரக்கிளைகள் முறியும், எதிரே நிற்பவர் முகம் தெரியாது. பெருங்குடிலில் விறகு குறைந்துகொண்டே வந்தது. பக்கத்துக் காட்டை ஏற்கனவே மொட்டையடித்திருந்தார்கள். அப்பா தூரக்காட்டுக்குப் போயிருந்தார், தனியாக.

ஜெனோவாவுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து கதவுக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். காதோரத்தில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"எப்பா, திரும்பி வாங்க."

"இன்னும் ரெண்டு மரந்தான்…" நாக்கு குழறியது. "கதவச் சாத்து பிலோமி. காத்து வருது."

"நா ஜெனோப்பா."

"கதவச் சாத்துன்னா சாத்த மாட்டியா? விசுவாசம் அண்ணன் வெளிய நிக்கான் பாரு. அவன உள்ள விடாத."

கண்மூடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இருட்டில் போனைத் தேடினாள். துறைமுக உச்சிக்கூடத்து எண்ணை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க யார் இருக்கிறார்கள்? காவலாளிவரை அத்தனை பேரும் பாயில் படுத்து ஏதோ ஒரு பனியில் நடந்துகொண்டிருப்பார்கள். ஆம்புலன்சுக்கு அழைத்தாள். அடைப்பு நேரத்தில் வண்டி வெளியே வராது, சங்கு ஊதியதும் வரும் என்று ஒரு பெண்குரல் கனிவாகச் சொன்னது. அம்மாவை உலுக்கினாள். "அவிய வந்துருவாவட்டி, எத்தன சூறை பாத்தவிய" என்று அம்மா கண்மூடிக்குள்ளிருந்தே சொன்னாள்.

அவள் கதவைத் திறந்து ஓடிப் பார்த்திருப்பாள். ஆனால் துறைமுகம் ஊரின் மறுகோடியில் இருந்தது. அந்த வெயிலில் பாதி வழிகூடத் தாண்ட முடியாது. அப்பாவை எட்ட ஒரே ஒரு வழிதான் திறந்திருந்தது. அது பனிக்குள் போனது.

மறுபடி மாட்டினாள்.

குடிலில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் வரமாட்டார். அழுதால் வரமாட்டார். நெருப்பருகே வா என்றால் அந்த ஒரு சொல்லுக்காகவே வரமாட்டார். பின்னே எதற்கு வருவார்? தன் சூட்டுக்காக ஒரு அடிகூட எடுத்து வைக்காத மனுசன், அடுத்தவர் வீடு எரிந்தால்?

ஜெனோவா பெருங்குடிலை நிமிர்ந்து பார்த்தாள். அடுக்ககமே சேர்ந்து பார்த்துப் பார்த்துக் கட்டியது. ஒவ்வொரு உத்திரத்திலும் ஒரு குடும்பத்தின் பேர் செதுக்கியிருந்தது. தொம்மை மாமா உத்திரத்தில் ஒரு மீனும் இருந்தது, அவரே செதுக்கியது, கொஞ்சம் கோணல்.

எரிகிற கட்டை ஒன்றை உருவினாள். கூரைப்புல்லில் வைத்தாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. "ஏ, பாத்து, பாத்து" என்றது ஒரு குரல். அவள் அடுத்த மூலைக்கும் வைத்தாள். பிறகுதான் கத்தல் எழுந்தது.

"அடிப்பாவி! வச்சுட்டாட்டி!"

"கபிரியேல் மவளா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"பனிய அள்ளிப் போடுங்கல! கைய வச்சு அள்ளு!"

அவள் வாசலுக்கு ஓடி மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஆபத்துக்கு மட்டும் அடிக்கும் மணி. சூறையைக் கிழித்துக்கொண்டு அது போயிற்று. தூரக்காடுவரை போயிருக்குமா? கை ஓய இழுத்தாள். பின்னால் கூரை பிடித்துக்கொண்டது. வெண்வெளியில் அதுவரை யாரும் கண்டிராத பெருநெருப்பு. எல்லார் பனித்தோல்களும் ஒரே நேரத்தில் தலைகீழாகப் பேசத் தொடங்கின. சூடு, சூடு, சூடு.

ஆட்டத்துக்கு என்ன தெரியும்? நெருப்பருகே நிற்பவர் யாராயிருந்தாலும் அதற்கு ஒரே சொல்தான். கத்துகிறவர்கள், பனியை அள்ளி வீசுகிறவர்கள், தலையிலடித்துக்கொண்டு அழுகிறவர்கள், ஒவ்வொருவர் தலைக்கு மேலும் நீல எழுத்துகள் எழுந்தன. *எஸ்தாக்கி குளிர்காய்கிறார். பிலோமினா குளிர்காய்கிறார். ஜெனோவா குளிர்காய்கிறார்.*

பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் தடுமாறி ஓடி வந்தது. தோளில் கோடாலி இல்லை. மணிக்கட்டில் கோடு நூலாகத் தேய்ந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. நேரே தீக்குள் புகுந்தார். தொம்மையின் உத்திரத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தார். வரவில்லை. விட்டுவிட்டுப் போகாமல் இழுத்துக்கொண்டே நின்றார், தீ நடுவில், அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம்.

*கபிரியேல் குளிர்காய்கிறார்.*

ஜெனோவா மணிக்கயிற்றை விடாமல் அந்த எழுத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் எந்தச் சொல்லையும் அவள் அத்தனை ஆசையோடு வாசித்ததில்லை.

பிறகு அந்த எழுத்து அணைந்தது. உருவம் அசைவற்று நின்று, மங்கி, இல்லாமல் போனது. அது நிஜத்தில் எதைக் குறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சங்கு ஊதும்வரை அம்மாவும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

சங்கு ஊதி வெகுநேரம் கழித்து இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க அவர் படியேறி வந்தார். உதடு வெடித்திருந்தது. சட்டை முதுகெங்கும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஜெனோவா அந்தச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. விடவில்லை.

"வீட்ட எரிச்சுட்டியே, பாவி மவளே" என்றார்.

"ஆமாப்பா."

"மணிச் சத்தம் கேட்டுச்சு. ஓடியாந்தேன். ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது… பொறவு ஊத்துச்சு பாரு வேர்வ. பாயே மெதந்துச்சு. எந்திரிச்சு வாந்தி எடுத்தேன்." மூச்சு வாங்கினார். "எம்பக்கத்துப் பாயி பையன் எந்திரிக்கல ஜெனோ. அவன் வேற எங்கயோ விறகுக்குப் போயிருந்தான்."

அதற்குப் பிறகு யாரும் ஜெனோவாவைப் புத்தி கெட்டவள் என்று சொல்லவில்லை. வடிவு எழுதிய விளக்கம் ஊரெல்லாம் சுற்றியது. வடிவு அதன் அடியில் தன் உயிரியல் மதிப்பெண்ணையும் போட்டிருந்தாள். பனித்தோலே வேண்டாம் என்று அடுக்ககத்தில் கூட்டம் போட்டு முடிவானது. முதல் நாள் எல்லாரும் வெறும் உடம்போடு வியர்த்துக் கிடந்தார்கள். இரண்டாம் நாள் குழந்தைகள் கத்தின, கீழ்வீட்டு எஸ்தாக்கி பெண்டாட்டியை அடித்தார், யாரோ படிக்கட்டில் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் சங்கு ஊதியதும் சுவருக்கு அப்பால் ஒரு கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. 'டிக்.' பிறகு மேல்வீட்டில் ஒன்று. பிறகு வரிசையாக.

பனித்தோல் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. கருவியில் கோளாறு எதுவும் இல்லை, மொழிபெயர்ப்பில் நேர்ந்த பண்பாட்டுத் தவறுக்கு வருந்துகிறோம் என்று அறிக்கை விட்டார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் வைத்தார்கள். இனி நெருப்பருகே உட்கார்ந்தால் தலைக்கு மேல் வருவது: காவல் காக்கிறார்.

அவ்வளவுதான். மானப் பிரச்சினை தீர்ந்தது.

ஞாயிறு உச்சிப்பொழுது. அப்பாவும் வீட்டில் இருந்தார். கருகிய பெருங்குடிலின் இடத்தில் அவசரமாக எழுப்பிய குடிசைக்குள் அடுக்ககமே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எல்லார் தலைக்கு மேலும் *காவல் காக்கிறார், காவல் காக்கிறார்.* அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் காவல் காத்த அந்த நெருப்பு கண்ணெதிரே சிறுத்துக்கொண்டே வந்தது.

"விறகு இல்லையா?" என்றார் ஒருவர்.

ஒருவர் நகத்தைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். நெருப்பு கங்கானது. எல்லார் மணிக்கட்டிலும் கோடு தேயத் தொடங்கியது. வெளியே போனவருக்கு மட்டும் வரும் குளிர் இப்போது உள்ளேயே வந்து எல்லாரோடும் உட்கார்ந்துகொண்டது.

அம்மா எழுந்தாள். பந்தியில் குழம்பு தீர்ந்தால் எழுந்து போகிறவளைப் போல, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

"சரி, நா போயிட்டு வாரேன். பிள்ளைய குளிர்ல நடுங்குதுவ."

"சீக்கிரம் வா பிலோமி" என்றார் அப்பா.

ஜெனோவா கண்மூடியைக் கழற்றினாள். பக்கத்துப் பாயில் அம்மாவின் விரல்கள் நடக்கத் தொடங்கியிருந்தன. அம்மாவின் கொக்கியை அவிழ்த்துப் பனித்தோலை உருவினாள். அம்மா துள்ளி எழுந்தாள்.

"எரியுதேட்டி! என்ன செஞ்ச?"

"இருங்கம்மா. கொஞ்ச நேரம் இப்படியே இருங்க."

மேலுதட்டில், மூக்குக்குக் கீழே, ஒரு முத்து அரும்பியது. பிறகு நெற்றியில் இன்னொன்று. ஜெனோவா அவற்றை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மூச்சிரைத்தாள். இருட்டில் துழாவிப் பனித்தோலைப் பற்றினாள்.

"குடுட்டி. அங்க எல்லாரும் குளிர்ல கெடக்காவ. அப்பாவுக்குக் குளுரும்."

"அப்பாவுக்குக் குளுரலம்மா. யாருக்குமே குளுரல."

"நீ அங்க வந்து பாரு, குளுருதா இல்லையான்னு."

இழுத்தாள். ஜெனோவா விடவில்லை. பனித்தோலைச் சுருட்டித் தன் அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து, அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையும் வழுக்கியது. கறுப்புத் தாள் ஒட்டிய சன்னலுக்கு வெளியே வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டிலும் மேல்வீட்டிலும் சுவருக்கு அப்பாலும் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அறையின் மறுகோடியிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து, அப்பாவின் குரல் வந்தது.

"பிலோமியக் காணோம். பாதி வழியில மறைஞ்சிட்டா. யாரு போறிய விறகுக்கு?"

போர்வை ஒருமுறை அசைந்தது.

"சரி, உக்காருங்க எல்லாரும். நானே போறேன்."

பாயில் கிடந்த அவர் விரல்கள் நடக்கத் தொடங்கின.